சாம்பிராணி குடித்த கம்ப்யூட்டர்

"டேய், அது செத்துப்போச்சுடா" என்று அக்கா போனில் சொன்னபோது நான் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். யார் என்று கேட்பதற்கு முன்னால் வாயில் இருந்ததை விழுங்க வேண்டியிருந்தது. அதற்குள் சிதம்பரத்தில் இருக்கும் வயதான சொந்தக்காரர்கள் எல்லோரையும் மனதுக்குள் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டேன்.

"யாருக்கா?"

"கம்ப்யூட்டர்டா. டப்புனு ஒரு சத்தம். அப்புறம் மூச்சே இல்ல. மயிலு பாதியில நிக்குது."

பஜ்ஜி இறங்கியது. ஆனால் அடுத்ததை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்த மயில் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டு முன்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின் ஓடுகிறது. பழைய மெஷின். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஊசி அடுத்து எங்கே குத்த வேண்டும் என்று பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு தடித்த கேபிள் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் பழையது. இரண்டும் வயதான தம்பதி மாதிரி. ஒன்று பேச்சை நிறுத்தினால் இன்னொன்று அப்படியே நின்றுவிடும்.

மயில், கல்யாணப் பெண்ணின் முகூர்த்த பிளவுசுக்கு. பெண், அக்கா வீட்டுக்காரரான என் மாமாவுக்கு மருமகள் முறை. அதாவது அக்காவின் நாத்தனார் மகள். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் அந்த நாத்தனாரை அக்கா 'அண்ணி' என்று கூப்பிடுவாள். அதனால் நானும் அப்படியே. காஞ்சிபுரத்துக்குப் போய் எடுத்த பட்டுச்சேலை. அதன் ஓரத்தில் கூடவே வந்த பிளவுஸ் துணிதான் இப்போது மெஷினில் இருந்தது. அந்த நிறத்தில் இன்னொரு துண்டு உலகத்தில் கிடையாது. முதுகுப் பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு மயில். ஒன்று முடிந்துவிட்டது. இரண்டாவதுக்குத் தோகை வந்தாயிற்று, கழுத்து வந்துகொண்டிருந்தபோதுதான் டப்பு.

"துணி மாட்டின ஃப்ரேம் அசஞ்சுதா?" என்றேன்.

"யாரையும் கிட்டப் போக விடல. ஊசி துணிக்குள்ளயே நிக்குது. எத்தனாவது குத்துன்னு மெஷின்ல நம்பரு அப்படியே எரியுது. ஆனா அத அணைச்சா நம்பரு போயிடும்டா. அப்புறம் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்."

"அணைக்காத."

"நான் அணைக்கல. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு கரண்ட்காரன் அணைச்சுடுவான். மாசாந்திர பராமரிப்பாம். பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம வீட்டு இன்வெர்ட்டரு ரெண்டு ஃபேனுக்கே முனகுது."

"அண்ணி எப்ப வர்றாங்க?"

"நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கிறாங்களாம்." அக்காவின் குரல் இறங்கியது. "கடையில குடுத்துக்கிறேன்னுதான் சொன்னாங்க. நான்தான், வீட்ல ஆளு இருக்கும்போது எதுக்கு அண்ணின்னு புடுங்காத குறையா வாங்கினேன். இது கெட்டுச்சுன்னா நான் சாகுற வரைக்கும் இந்தக் குடும்பத்துல மயிலுதான்டா பேச்சு."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, "பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பான். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பட்டத்தை நான் இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். இளமையில் படித்த ஒரு டிப்ளமாவும், எதைக் கொடுத்தாலும் அணைத்துவிட்டு மறுபடி போடும் துணிச்சலும்தான் அதற்கு ஆதாரம். எனவே நான் சொன்னது: "டப்புனு சத்தம்னா பவர் சப்ளைக்கா. வாங்கிட்டு வரேன். பத்து நிமிஷ வேலை."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "பத்து நிமிஷமா? சொல்லிட்டான்ல, எழுதி வச்சிக்க."

கடலூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாய் ஒருவரை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அவர் கடைக்குள் போனால் நிற்க இடம் இருக்காது. ஆனால் பேச நேரம் நிறைய இருக்கும். பவர் சப்ளை வேண்டும் என்றதும் ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"சப்ளை மட்டும் போதுமாண்ணே? போர்டு எப்புடி இருக்கு?"

"போர்டெல்லாம் நல்லா இருக்கும் பாய்."

"பாத்தீங்களா?"

"போன்லதான் சொன்னாங்க."

"டாக்டரே நாக்க நீட்டச் சொல்லித்தான் மாத்திரை எழுதுறாரு. நீங்க போன்லயே ஆபரேஷன் பண்றீங்க" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சிதம்பரம் பஸ்ஸில் பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைக் கம்பி எங்கே, கறுப்புக் கம்பி எங்கே என்று மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என் உதடு அசைவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் என்று நினைத்து மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அக்கா வீட்டில் சாவு வீட்டு அமைதி. முன்னறையில் மெஷினைச் சுற்றி நாலு நாற்காலி போட்டு, அதில் துணி காயப்போடும் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஃபேனை நிறுத்தியிருந்தாள், காற்றுக்குத் துணி அசையுமாம். மாமா கூடத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தரையில் வைத்தால் அதிருமாம்.

"வா மச்சான்" என்றார் கிசுகிசுப்பாக. "தும்மல் வந்தாக்கூட வெளிய போய்த் தும்மிட்டு வரேன். என் கல்யாணத்துல கூட நான் இவ்ளோ பயந்ததில்ல."

கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். ரத்தச் சிவப்புப் பட்டு, ஃப்ரேமில் தோல் மாதிரி இழுபட்டு இருந்தது. முடிந்த மயில் தலையைத் திருப்பிக் கொண்டு நின்றது. இன்னொன்று பாதிக் கழுத்தோடு. அந்த இடத்தில் ஊசி. மெஷின் முகப்பில் ஒரு எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அந்த எண்தான் எங்கள் மொத்தச் சொத்து. அக்கா அதை போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். ஆனாலும் மெஷின் அணைந்தால் எண் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. துணியில் அந்த எண் எந்த இடம் என்பது மெஷினுக்கு மறந்துவிடும்.

முதல் கண்டம் கேபிள். கம்ப்யூட்டரை வெளியே எடுக்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேபிளைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது மெஷின் பயந்துபோய் எண்ணைத் தொலைத்துவிட்டால்?

"கழட்டலாமா?" என்றேன்.

"என்னைக் கேக்குற? நீதானேடா படிச்சவன்."

ஜன்னல் கம்பியைத் தொட்டு என் உடம்பில் இருக்கும் மின்சாரத்தை அங்கே விட்டேன். இரண்டு திருகையும் தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

"எரியுதா?"

"எரியுது."

"எரியுதுல்ல?"

"எரியுதுன்னு சொல்றேன்ல, கண்ணத் தொறடா."

கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து பக்கவாட்டுத் தகடைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. கரிந்த வாசனை இல்லை. கோயில் வாசனை. உள்ளே எல்லாம் கறுப்பாக, பிசுபிசுப்பாக, மெஷினிலிருந்து பறந்த நூல் தூசியோடு சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரலை வைத்து முகர்ந்து பார்த்தேன்.

"அக்கா, இதுக்கு சாம்பிராணி போடுவியா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போடுவேன். சோறு போடுற மெஷினுக்குப் போடாம?"

"ஓடும்போதேவா?"

"ஓடும்போதுதான்டா நல்லா இழுக்குது! பின்னாடி காட்டுனா போதும், பொகை அப்புடியே உள்ள போவும். வெளிய ஒரு பொட்டுகூட வராது. சாமியே ஏத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார். "சாமி ஏத்துக்கல மச்சான். ஃபேனு ஏத்துக்கிச்சு."

பவர் சப்ளையை வெளியே எடுத்து, ஹேர்ப்பின் ஒன்றை வளைத்து, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்துப் பார்த்தேன். நல்ல சப்ளையாக இருந்தால் அதன் ஃபேன் சுற்றும். இது அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்துப்போனதை உறுதிசெய்துவிட்டுச் சிரித்த ஒரே வைத்தியன் நானாகத்தான் இருப்பேன். புதிய சப்ளையை அதே மாதிரி சோதித்தேன், சுற்றியது. உள்ளே மாட்டி, எல்லாக் கம்பியையும் சொருகி, பொத்தானை அழுத்தினேன்.

ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன். அரைச் சுற்று. நின்றது.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சா மச்சான்?" என்றார் மாமா.

டார்ச்சை அடித்து மதர்போர்டைப் பார்த்தேன். அதில் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். தலை தட்டையாக இருக்க வேண்டும். இங்கே நாலைந்து உருளைகள் பூரி மாதிரி உப்பியிருந்தன. ஒன்றின் தலை வெடித்துக் காய்ந்த பழுப்பு. பாய் நீட்டச் சொன்ன நாக்கு இதுதான்.

"போர்டும் போச்சுக்கா."

அக்கா எழுந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், கயிற்றுக்கு வெளியே நின்று அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மாமா உள்ளூர்க் கடைக்கு போன் போட்டார். புதுசாக ஒரு செட் வாங்கிவிடுங்கள் என்றார்கள். புதுசில் இந்தத் தடித்த கேபிளுக்கு ஓட்டையே கிடையாது. கன்வெர்ட்டர் போடலாம் என்றார்கள். அக்கா ஏற்கெனவே ஒருமுறை அதைப் போட்டு, பூ வரவேண்டிய இடத்தில் புழு வந்த கதையைச் சொன்னாள். ஆக, பழைய போர்டுதான் வேண்டும். பழைய போர்டு என்றால் பாய்தான்.

செத்த போர்டை ஒரு தலையணை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி கடலூருக்குப் பஸ் ஏறினேன். பாய் அந்தி நேர மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு வந்து கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் உறையிலிருந்து போர்டை எடுத்ததும், "நாக்க நீட்டிடுச்சா?" என்றார்.

"நீட்டிடுச்சு பாய். இதே மாதிரி வேணும். இந்த ஓட்டை கண்டிப்பா இருக்கணும்."

பரணிலிருந்து இறங்கியது ஒன்று. அதே கம்பெனி இல்லை, ஆனால் அந்த ஓட்டை இருந்தது. அதிலேயே ஒரு ப்ராசஸரும் உட்கார்ந்திருந்தது. எங்களுடையதைவிடக் கொஞ்சம் புதுசு. கடை மேசையிலேயே வைத்து ஓட்டிக் காட்டினார். திரையில் எழுத்து வந்தது.

"பாத்துக்கிட்டீங்களா? ஓடுது. உங்க அக்கா கம்ப்யூட்டரு ஒரு கிளாஸ் பாஸாயிடுச்சு" என்று சிரித்தார். "இனிமே ஓடலன்னா அதுக்கு நானும் பொறுப்பில்ல, போர்டும் பொறுப்பில்ல."

மிச்சம் இருப்பது நான்தான் என்று புரிந்தது.

பேப்பரில் சுற்றிக்கொண்டே பாய் வேறென்னவோ சொன்னார். பழைய ஹார்ட் டிஸ்க் புது போர்டில் ஏறும்போது நீலமாக வந்தால் ஒன்றை மாற்றிவிடச் சொன்னார். அப்போது என் போன் அடித்தது. அக்கா. எதை மாற்ற வேண்டும் என்பது என் காதில் விழவில்லை. ஆனால் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். பட்டம் வைத்திருப்பவனுக்குத் தலையாட்டல் தானாக வரும்.

ராத்திரித் தூக்கக் கண்ணோடு போர்டைத் தொட வேண்டாம் என்று வீட்டில் படுத்துவிட்டு, காலையில் முதல் பஸ். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. மேகம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் கரண்ட் ஒன்பது வரைக்கும்கூடக் காத்திருக்காது. போர்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

மெஷின் பக்கத்திலேயே கோரைப்பாய் விரித்துப் படுத்திருந்த அக்கா முகம் கழுவாமல் கதவைத் திறந்தாள். "எரியுது" என்றாள், நான் கேட்கும் முன்னாலேயே.

கூடத்துத் தரையில் கடை விரித்தேன். போர்டை வைத்துத் திருகு முறுக்கும்வரை எல்லாம் சரியாகப் போனது. முன்பக்கப் பொத்தானின் கம்பிகளை மாட்ட வேண்டிய இடத்தில் எறும்பு எழுத்து. என் படிக்கும் கண்ணாடி கடலூரில், அலமாரி மேல், பத்திரமாக இருந்தது. மாமாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டேன். எழுத்துத் தெரிந்தது. ஆனால் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

"இருடா" என்று அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "புது போர்டு. ஒரு பொட்டு வச்சிட்டு மூடு."

"வேணாங்கா! உள்ள ஒண்ணும் வைக்காத!"

"ஏன்டா கத்துற, துணி அசையப்போவுது."

"பொட்டிக்கு மேல வை. வெளிய எவ்ளோ வேணா வை."

தகட்டின்மேல் ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டுப் போனாள். பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. ஆனால் திரை கறுப்பு. அணைத்தேன், போட்டேன். கறுப்பு. நினைவுச் சில்லைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கறுப்பு. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை.

"மச்சான்" என்றார் மாமா. "அது என்னா, நாலு ஓட்டையோட ஒண்ணு சும்மா தொங்குது?"

பார்த்தேன். ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் சதுரப் பிளக். அதுதான் சோறு. அதைக் கொடுக்காமல் எழுந்திரு எழுந்திரு என்று உலுக்கிக்கொண்டிருந்தேன்.

"அது எக்ஸ்ட்ரா மாமா" என்றேன்.

"அப்புடியா."

"மாமா, ஒரு சொம்பு தண்ணி கொண்டு வரீங்களா?"

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சொருகிவிட்டேன். திரையில் எழுத்து வந்தது. தண்ணீரோடு வந்தவர் திரையைப் பார்த்தார், தொங்காத பிளக்கைப் பார்த்தார், தண்ணீரை அவரே குடித்தார்.

அதே நேரம் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

"யாரு வீட்ல? கதவத் தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க எல்லாரும்?"

காட்டுமன்னார்கோயில் அண்ணி. மத்தியானம் வருவதாகச் சொன்னவர், காலை டவுன் பஸ்ஸுக்கே ஏறிவிட்டார். அக்கா முன்னறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி மறைத்து நின்றாள். எனக்கு உடனே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். பக்கவாட்டுத் தகடு கூட மாட்டாமல், குடல் தெரியத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே அக்கா திரையைத் தூக்கி வந்தாள். மாமா தன் அக்காவைக் கூடத்தில் மறித்தார்.

"வா வா. என்னா சீக்கிரமா வந்துட்ட?"

"பந்தல்காரனப் பாக்கணும், மேளக்காரனப் பாக்கணும். பிளவுச வாங்கிட்டுத் தையக்காரிகிட்ட குடுத்துடலாம்னு வந்தேன். எங்க உன் பொண்டாட்டி?"

"ஃபினிஷிங் குடுத்துக்கிட்டிருக்கா. உக்காரு. சமையலுக்கு யாரு? பண்ருட்டி ஆளுங்கன்ன? பலாப்பழம் போட்டுப் பாயசம் வைப்பாங்களாமே?"

மாமாவுக்குப் பாயசத்தில் இவ்வளவு அக்கறை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே நான் கேபிளைச் சொருகி, திரையைப் போட்டேன். விண்டோஸ் படம் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்தாள். படம் மறைந்தது. திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்து. தானாக அணைந்து, மறுபடி படம், மறுபடி நீலம்.

"ஏன்டா நீலமா வருது?"

"இரு."

பாய்க்கு போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நீலமாக வந்தால் ஒன்றை மாற்றச் சொன்னாரே, எதை? பாயின் முகம் ஞாபகம் வந்தது, பேப்பர் சுற்றிய விரல் ஞாபகம் வந்தது, நான் தலையாட்டியது அழகாக ஞாபகம் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

வெளியே அண்ணியின் குரல். "பாயசம் இருக்கட்டும்டா. மெஷின் சத்தமே கேக்கல, என்னா ஃபினிஷிங்கு?"

போர்டின் அமைப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். அங்கே வரி வரியாக ஏதேதோ. மாமாவின் கண்ணாடியில் எல்லாம் இரட்டையாக. ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வரி. அதில் இரண்டு வழி: ஒன்று புது முறை, இன்னொன்று ஐடிஇ என்று பழைய முறை. புது முறையில் இருந்தது. எங்கள் டிஸ்க்கோ பழைய ஆள். மாப்பிள்ளை வீட்டு பாஷை புரியாமல் புதுப்பெண் முழிப்பது மாதிரி முழித்திருக்கிறது. இதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பழைய முறைக்கு மாற்றினேன். அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இதுதானாடா?"

"இதுதான்" என்றேன். எனக்கே தெரியாததை அவ்வளவு உறுதியாக நான் இதற்கு முன்னால் சொன்னதில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் நிறைய தடவை சொல்லியிருக்கிறேன்.

விண்டோஸ் படம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. படம் நின்றது, நின்றது, பிறகு பின்னணியில் அக்கா வைத்திருக்கும் மஞ்சள் ரோஜா திரை முழுக்க மலர்ந்தது. அக்கா பட்டென்று என் மண்டையில் ஒன்று வைத்தாள். அது பாராட்டு.

புது சாமான் கிடைத்திருக்கிறது என்று அது கேட்ட கேள்விகளை எல்லாம் தள்ளிவிட்டு, மயிலைத் திறந்து, பச்சை எண்ணை அப்படியே அடித்து, அந்த இடத்திலிருந்து ஓடு என்றோம். மெஷின் அசையவில்லை. கேபிளின் ஓட்டைக்குப் புது போர்டு வேறு எண் வைத்திருந்தது. அதைத் திருத்தினேன். அக்கா கயிற்றை அவிழ்த்தெறிந்துவிட்டு உள்ளே போய், முருகா என்று பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

டக். ஒரே ஒரு குத்து. நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு டக டக டகவென்று பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தோம். புது நூல் பழைய கழுத்தின் விளிம்பில் சரியாக, ஒரு இழை பிசகாமல் உட்கார்ந்தது. கழுத்து ஏறியது.

"இப்பக் கேக்குதா சத்தம்?" என்று வெளியே மாமா கத்துவது கேட்டது.

கடிகாரம் ஒன்பதை நெருங்கியது. அக்கா வேகத்தைக் கூட்டவில்லை. நூல் அறுந்தால் எல்லாம் போச்சு. கழுத்து முடிந்து கொண்டை வந்தது. கொண்டை முடிந்து அலகு வந்தது. ஒன்பது அடித்தது. கரண்ட் போகவில்லை. அலகின் நுனி முடிந்தது. கண்ணுக்கு வெள்ளை நூல் மாற்றச் சொல்லி மெஷின் நின்றது. அக்கா நூலைக் கோத்துவிட்டுப் பொத்தானில் விரலை வைத்தாள்.

அணைந்தது. மெஷின், திரை, பச்சை எண் எல்லாம். தெருவே அமைதியானது.

இரண்டு மயில். ஒன்றுக்குக் கண் இருக்கிறது. ஒன்றுக்கு இல்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். ஃப்ரேமை அப்படியே கழற்றி, ஜன்னலோரம் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து கை ஊசியை எடுத்தாள். "லைட்ட அடி" என்றாள். போன் டார்ச்சைப் பிடித்தேன். "ஆட்டாதடா." இரண்டு கையாலும் பிடித்தேன். முடிந்த மயிலின் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அதைப் பார்க்கவே இல்லை. வெள்ளை, அதற்குள் கறுப்பு, கறுப்புக்குள் ஒரு துளி வெள்ளை. நூலைப் பல்லால் கடித்தபோது கதவு திறந்தது.

அக்கா ஃப்ரேமிலிருந்து எடுத்துக் கொடுத்த துணியை அண்ணி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தோகையைத் தடவினார். கழுத்தைத் தடவினார். அந்த இடத்தில் விரல் வந்தபோது நான் சுவரைப் பார்த்தேன். விரல் நிற்காமல் தாண்டிப் போனது. கண்ணில் வந்து நின்றது.

"என்னாடி இது? ஒரு கண்ணு ஒரு மாதிரி, ஒரு கண்ணு வேற மாதிரி இருக்கு?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் என்ன சொல்வது என்று, கரண்டில் தொடங்கி, போர்டு, சாம்பிராணி வரைக்கும் மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.

"அது கையால போட்டது அண்ணி" என்றாள் அக்கா, ஊசியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே. "முகூர்த்தத்துக்குப் போடுறதுல ஒரு கண்ணாவது கையால போடணும். எல்லாத்தையும் மெஷினுக்கு விடக்கூடாது."

எந்த ஊர்ப் பழக்கம் அது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அந்தப் பழக்கம் பிறந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அண்ணி மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா" என்றார் கடைசியில். "மெஷினு கண்ணு சும்மா பொட்டு வச்சாப்புல இருக்கு. இதுதான் பாக்குது." துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "எங்க பக்கமும் அப்புடித்தான். இப்ப யாரு செய்யிறா?"

மாமா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அண்ணி போன பிறகு அக்கா தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து எனக்கு இட்லி வைத்தாள். சாம்பிராணி பற்றி நான் கண்டிப்பாகப் பேசினேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டரை அணைத்து, அதன் முதுகில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுத்தான் புகை காட்டுகிறாளாம். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டால், துண்டு வழியாக வாசனை போகும் என்கிறாள்.

கல்யாணத்தில் பெண் மேடையில் உட்கார்ந்திருக்க, அண்ணி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரையாகக் கூட்டிவந்து ஜடையை ஒதுக்கி அந்த ஒரு கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். "கையால போட்டது. எங்க பழக்கம்." மயில் கழுத்தின் நடுவில் ஒரு பகல், ஒரு ராத்திரி, மூன்று பஸ் பயணம், ஒரு மதர்போர்டு எல்லாம் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. அது கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் அத்தனை பாடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பந்திக்குப் போனேன். பலாப்பழப் பாயசம் உண்மையிலேயே இருந்தது.

அடுத்த இலையில் உட்கார்ந்த மாமா குனிந்து என் காதில் சொன்னார்: "அங்க பாத்தியா மச்சான், நாலு பொம்பளைங்க உங்க அக்காவச் சுத்திக்கிட்டாங்க. எல்லாருக்கும் ஒரு கண்ணு கையால வேணுமாம். மெஷினு கண்ணு கிட்ட வந்ததும் இனிமே அணைச்சுடணுமாம்." அப்பளத்தை உடைத்தார். "அணைக்கிறது ஒண்ணுதான் உனக்கு நல்லா வரும். வந்து சொல்லிக் குடு. பத்து நிமிஷ வேலைதான."